9.07-க்கு வந்த மெயில்

நான்காவது தடவையாக ‘அனுப்பு’ பொத்தானை அழுத்திவிட்டு ஆஸ்பத்திரியின் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள் அவள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பை கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் வார் அறுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தையற்காரிக்கு வார் ஒரு விஷயமா?

கையில் இருந்த செல்போன் சிணுங்கியது.

‘உங்கள் மெயில் சென்று சேரவில்லை. பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது.’

நான்கு தடவையும் அதே பதில். மணி மூன்று பத்து. சரியாக நான்கு மணிக்கு டெண்டர் மூடிவிடும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருடங்களுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் கவுன் எல்லாம் தைத்துக் கொடுக்கும் டெண்டர். அவளுடைய தையல் கூடத்தில் ஒன்பது மெஷின்கள், ஆறு பெண்கள், கூரை ஒழுகாத ஒரு ஹால். ஹாலின் சொந்தக்காரர் காலையிலேயே வந்து வாசலில் நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடும்மா. ஆர்டர் வந்தா தாராளமா இரு. வரலேன்னா, டயர் கம்பெனிக்காரன் குடோனுக்குக் கேட்டுக்கிட்டிருக்கான். அவனை நான் எத்தனை நாள் டீ வாங்கிக் குடுத்தே உக்கார வெக்கிறது?”

ஆக, ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தால் மெஷின்கள் ஓடும். இல்லாவிட்டால் அந்த ஹாலில் டயர் உருளும்.

துணி மில்லிலிருந்து விலைக் கடிதம் வந்து சேரவே இரண்டரை மணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளால் டெண்டரை அனுப்ப முடிந்தது. அனுப்பினால், பெட்டி நிரம்பிவிட்டதாம்.

ஸ்டோர்ஸ் அறைக்குள் அவள் மூச்சிரைக்க நுழைந்தபோது, ஸ்டோர்கீப்பர் கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வருகிற மாதம் ஓய்வு பெறப் போகிறவர். எதையும் அவசரமாகச் செய்து பழக்கமில்லாதவர்.

“சார், உங்க மெயில் பெட்டி நிரம்பிப் போச்சாம். என் டெண்டர் திரும்பித் திரும்பி வருது.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நிரம்பற அளவுக்கு எவன் போடறான் டெய்லரம்மா? ஃபாரம் வாங்கினதே ரெண்டு பேர்தான்.”

“திறந்து பாருங்க. குப்பை ஏதாவது இருந்தா அழிச்சுடுங்க.”

“திறக்கறதா? நாலு மணிக்கு முன்னால நான் அந்தப் பெட்டியைத் திறந்தா, என் பென்ஷனை மூடிடுவாங்க. பாஸ்வேர்டை கவர்ல போட்டு அரக்கு வெச்சு சூப்பரிண்டெண்ட் அம்மா டிராயர்ல பூட்டியிருக்கு. போன வருஷம் காகிதக் கவரை யாரோ முன்னாடியே பிரிச்சுப் பார்த்துட்டாங்கன்னு பெரிய ரகளை. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. மெயில்ல மட்டும்தான் வாங்கணும், ஒரே நாள்ல வாங்கணும், நாலு மணிக்கு எல்லார் முன்னாலயும் திறக்கணும்.”

“அப்ப நான் என்ன பண்ண?”

“உங்களுக்கும் திரும்பிடுச்சாம்மா?”

கேள்வி பின்னாலிருந்து வந்தது. சுவரோர பெஞ்சில் ஏஜென்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். நகரத்தில் பாதி ஓட்டல்களுக்குத் திரைச்சீலையும் துண்டும் சப்ளை செய்கிறவர். ஃபாரம் வாங்கிய இன்னொருவர். கார் சாவியால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆர்டர் கைநழுவிப் போகிறதே என்று தவிக்கிற மனிதன் நகத்தையா பார்த்துக்கொண்டிருப்பான்?

“உங்களுக்கும் திரும்பிச்சா?” என்றாள்.

“பதினோரு மணிக்கே.”

“அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே.”

“இப்பத்தானம்மா பார்த்தேன். அடுத்த வாரம் பொண்ணு கல்யாணம். தலையைச் சொறியக்கூட நேரமில்லே.” சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர்தானே போட்டோ எடுக்கறார். சொல்லலியா அவர்?”

சொல்லவில்லை.

அவள் கணவன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். மூன்று நாட்களாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டெண்டர் வேலையில் தலையிட வேண்டாம் என்று அவள்தான் முகத்திலடித்தாற்போல் சொல்லியிருந்தாள். ஆனாலும், போட்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். அதை வாய் திறந்து சொல்லவில்லை.

ஸ்டோர்கீப்பர் அதற்குள் இன்டர்நெட் கம்பெனியின் சேவை எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒரு பெண் குரல், தூங்கி எழுந்த குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பேசியது.

“உங்க கனெக்‌ஷனோட அஞ்சு மெயில் பெட்டி இலவசம் சார். ஒவ்வொண்ணுக்கும் அம்பது எம்.பி. இடம்.”

“அம்பதா? என் பொண்ணு டான்ஸ் ஆடற வீடியோவுக்கே அது பத்தாதேம்மா. கொஞ்சம் கூட்டிக் குடு.”

“கண்டிப்பா சார். லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் வெச்சு, அதே மெயில்லேருந்து அனுப்புங்க. ஒரு வேலை நாள் ஆகும்.”

“அந்தப் பெட்டிதாம்மா நிரம்பிடுச்சு.”

“நிரம்பினாலும் நீங்க அனுப்பலாம் சார். நாங்க போடற பதில்தான் உங்களுக்கு வராது.”

ஸ்டோர்கீப்பர் போனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. யார் அனுப்பினது?”

“அனுப்பினவங்க பேர் எங்களுக்குத் தெரியாது மேடம். எண்ணிக்கை, நேரம், அளவு மூணும்தான் தெரியும்.” கீபோர்டு தட்டும் சத்தம். “உள்ள இருக்கறது ரெண்டே மெயில். காலைல ஒன்பது ஏழுக்கு ஒண்ணு. ஒன்பது ஒன்பதுக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து நாப்பத்தொன்பது புள்ளி ஆறு எம்.பி.”

அவள் போனை மேசை மேல் வைத்தாள்.

ஐம்பதில் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. அவளுக்குத் துணியின் கணக்கு தெரியும். ஐம்பது அங்குலத் துணியில் நாற்பத்தொன்பதரைக்குமேல் தானாக யாரும் வெட்டிவிடுவதில்லை. நாடா பிடித்து அளந்துதான் வெட்டுவார்கள். வேறு யாருடைய டெண்டரும் உள்ளே நுழையக் கூடாது என்று யாரோ அளந்து அடைத்திருக்கிறார்கள்.

“அம்பது எம்.பி.ங்கற விஷயம் யாருக்கெல்லாம் தெரியும் சார்?”

“ஃபாரத்தோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கே. ‘பெட்டியின் கொள்ளளவு ஐம்பது எம்.பி., அதற்குள் அனுப்பவும்’னு.”

“அப்ப ஃபாரம் வாங்கின ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தி நான்.” பெஞ்சைப் பார்த்தாள்.

ஏஜென்சிக்காரர் சிரித்தார். “நான் அனுப்பினது ஸ்கேன் பண்ணின ஒரே பக்கம்மா. ரேட்டு மட்டும். எனக்கு எதுக்கு அம்பது எம்.பி.?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

வராந்தாவுக்கு வந்து கணவனுக்கு போன் போட்டாள். மூன்று நாட்களில் முதல் அழைப்பு. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். காத்துக்கொண்டிருந்தவன்போல.

“ஏங்க, ஏஜென்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோவாமே.”

“ஆமா. கேட்டாரு, ஒத்துக்கிட்டேன். தொழில்.”

“ஞாயித்துக்கிழமை ஹாலைத் திறந்து மூணு மணி நேரம் உள்ள இருந்தீங்களாம். பட்டன் தைக்கிற பொண்ணு பார்த்திருக்கா. என்ன பண்ணீங்க?”

அவன் லேசாகச் சிரித்தான்.

“அந்தப் பொண்ணுக்கு பட்டனைத் தவிர எல்லாத்து மேலயும் கண்ணு.”

“பேச்சை மாத்தாதீங்க. டெண்டர் ஃபாரம் என் மேசை மேலதான் இருந்துச்சு. அதைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அதோட கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை யாருக்காவது எடுத்துச் சொன்னீங்களா?”

“நாலு மணிக்குத்தானே திறக்கறாங்க?” அவன் குரலில் ஒரு குறுகுறுப்பு. “நாலு மணிக்கு உனக்கே தெரியும். அப்புறம் பேசுவோம்.”

இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

பதினோரு வருடம் கூட இருந்தவன். ஒரு கல்யாண ஆர்டருக்காக, பெட்டியை அடைக்கப் பெரிய பெரிய படங்களாக எடுத்து அந்த ஆளிடம் நீட்டியிருப்பானா? மாட்டான் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. அப்படியானால் ஏன் மறைக்கிறான் என்று மறு பாதி கேட்டது. இரண்டையும் அங்கேயே நிறுத்திவிட்டு சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போனாள். மணி மூன்று இருபத்தெட்டு.

சூப்பரிண்டெண்ட் அம்மாள் முழுவதையும் கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்வி.

“யார் மேலயாவது சந்தேகமா?”

“பேர் சொல்ல மாட்டேன் மேடம். ஆனா அந்த ஆளை விடக் கூடாது.”

ஏஜென்சிக்காரரும் ஸ்டோர்கீப்பரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். சூப்பரிண்டெண்ட் அம்மாள் மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

“ரெண்டு பேருக்கும் மெயில் திரும்பியிருக்கு. அதுக்கு அத்தாட்சி போன்ல இருக்கு. அதனால ரெண்டு பேரும் டெண்டரை பிரிண்ட் எடுத்து, ஒட்டின கவர்ல போட்டு, நாலு மணிக்குள்ள என் கையில குடுங்க, வாங்கிக்கறேன். பெட்டியை அடைச்சு வெச்சவரை என்ன பண்ணலாம்?”

“தள்ளிடுங்க மேடம்,” என்றாள் அவள்.

“அப்ப ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க. நாளைக்கு எவனும் என் மேல கேஸ் போடக் கூடாது.”

அவள் சொல்லச் சொல்ல ஸ்டோர்கீப்பர் எழுதினார். ‘மேற்படி இரண்டு மெயில்களை அனுப்பியவர் யாராக இருந்தாலும், அவருடைய டெண்டரை ஏற்கக் கூடாது.’

“இன்னும் ஒண்ணு சேருங்க சார்,” என்றாள். மருமகன் பேரிலோ டிரைவர் பேரிலோ அனுப்பிவிட்டு இந்த ஆள் நழுவிவிடக் கூடாதே. “‘அவரைச் சேர்ந்தவர்களுடைய டெண்டரையும்’னு போடுங்க.”

ஏஜென்சிக்காரர் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“சேர்ந்தவங்கன்னா எதுவரைக்கும்மா? ஆத்திரத்துல எழுதறோம். அனுப்பினவர் ஏதோ விவரம் தெரியாமக்கூட அனுப்பியிருக்கலாம்.”

“நாப்பத்தொன்பது புள்ளி ஆறு. இது விவரம் தெரியாதவர் கணக்கா சார்?”

“இல்லம்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“கை நடுங்குதே. ஏன்?”

“சர்க்கரைம்மா. மதியம் இன்னும் சாப்பிடலே.”

“கையெழுத்துக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். போட்டுட்டுப் போய் சாப்பிடுங்க.”

ஸ்டோர்கீப்பர் கூரையைப் பார்த்துக்கொண்டார். ஏஜென்சிக்காரர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள், தாள் கிழிகிற அழுத்தத்தில். சூப்பரிண்டெண்ட் அம்மாள் தாளை எடுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லா யோசிச்சுட்டீங்க இல்லே? யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும் மேடம்.”

முத்திரை தாளில் இறங்கியது.

எதிர்த் தெரு ஜெராக்ஸ் கடையில் கூட்டம். அவள் யாரையும் கேட்காமல் முன்னால் புகுந்து செல்போனை நீட்டினாள். “க்யூவுல நிக்கிறவங்கல்லாம் ஆளாத் தெரியலியா?” என்றது ஒரு குரல். “தெரியுது, அப்புறமா திட்டுங்க,” என்றாள். ஏழு பக்கம். அதில் இரண்டாவது பக்கம் மெஷினில் சிக்கி விசிறிபோல் கசங்கி வந்தது. மறுபடி எடுத்தாள். கவரை நாக்கால் நனைத்து ஒட்டி, அவள் மூன்றாவது மாடிக்குத் திரும்பியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஏஜென்சிக்காரரின் கவர் ஏற்கெனவே மேசை மேல் இருந்தது. மெலிந்த கவர். உண்மையிலேயே ஒரே பக்கம்தான்.

அது அவளுக்கு நெருடியது. ஒரே பக்கம் அனுப்புகிறவன் ஐம்பது எம்.பி.க்குப் படங்களை எங்கிருந்து பிடித்தான்? ‘அதற்குத்தான் என் ஆள் இருக்கிறானே,’ என்று உடனே பதிலும் வந்தது.

நான்கு மணி.

சூப்பரிண்டெண்ட் அம்மாள் அரக்கை உடைத்தார். சின்னச் சீட்டில் இருந்த பாஸ்வேர்டை ஸ்டோர்கீப்பர் ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பெட்டி திறந்தது. மேலே, நிரம்பிவிட்டது என்று காட்டும் சிவப்புப் பட்டை. கீழே இரண்டே வரிகள்.

“படிங்க,” என்றார் சூப்பரிண்டெண்ட் அம்மாள்.

“அனுப்பினவர் ஏதோ ஸ்டுடியோ மேடம்.” ஸ்டோர்கீப்பர் திரைக்கு மூக்கைக் கொண்டுபோனார். ஸ்டுடியோவின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

ஏஜென்சிக்காரர் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை.

“நான் சொன்னேன்ல மேடம்,” என்றாள் அவள். “அது என் வீட்டுக்காரர் ஸ்டுடியோ. இவர் சொல்லி, அவர் அனுப்பியிருக்கார். ரெண்டு பேரும் கூட்டு. மெயிலைத் திறங்க. உள்ள எழுதியிருக்கும்.”

ஸ்டோர்கீப்பர் திறந்தார். திரையில் வெள்ளை விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. ஓரத் தையல், மூலை மடிப்பு, கவுனின் நாடா முடிச்சு. நூலின் முறுக்குகூட எண்ணிவிடலாம்போல அவ்வளவு தெளிவு. அத்தனையும் அவள் கூடத்தில், அவள் மெஷின்களில் ஓடியவை.

படங்களுக்கு மேலே நான்கு வரிகள் இருந்தன. ஸ்டோர்கீப்பர் மனதுக்குள் படித்தார். பிறகு சூப்பரிண்டெண்ட் அம்மாளைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகு, சத்தமாகப் படித்தார்.

“‘வணக்கம். டெண்டரை என் மனைவி தனியாக அனுப்புவார். அவருடைய தையல் எப்படிப்பட்டது என்று காட்ட இந்தப் படங்கள். அவருக்குத் தெரியாது, தயவுசெய்து சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஐம்பது எம்.பி.க்குள் அனுப்பச் சொல்லியிருந்ததால், ஒரு படத்தையும் சுருக்காமல் நாற்பத்தொன்பது புள்ளி ஆறுக்குள் அடக்கியிருக்கிறேன்.’”

சூப்பரிண்டெண்ட் அம்மாள், ‘அவரைச் சேர்ந்தவர்களுடைய டெண்டரையும்’ என்று அவளே சேர்க்கச் சொன்ன தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.