நடுவில் இருந்த எழுத்துகள்

மதிய இடைவேளையில் தம்பி வந்து நின்றதுமே அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பள்ளி வேன் ஓட்டுகிறவன், எங்கே போனாலும் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வருவான். இன்று சாவி சட்டைப்பையில் இருந்தது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மருந்து வைக்கும் குளிர்பெட்டி. அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

இருவரும் ஆறு வருடமாகக் கிரிப்டோவில் சேர்த்து வைத்திருந்தார்கள். போனில் இருக்கும் பணப்பையான அவரவர் வாலட்டில் அவரவர் பங்கு. இப்போது ஒரு சின்னக் கடை அமைந்திருந்தது. தம்பி மனைவி ஆடைத் தொழிற்சாலையில் பிறர் போட்ட கணக்குக்குத் தைத்தது போதும், சொந்தமாகத் தைக்கட்டும் என்று பார்த்த கடை. மகளோடு வெளிநாட்டில் இருந்த உரிமையாளர் கிரிப்டோவாகவே கேட்டார்.

அக்காவின் பழக்கங்கள் குடும்பத்தில் கேலிப்பொருள். வாலட்டுக்கென்று சிம் இல்லாத தனி போன். அதைத் திறக்கும் பன்னிரண்டு வார்த்தைகள் தாளில் மட்டும். படம் எடுக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் போக வேண்டிய முகவரி என்பது நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரம். அனுப்புவதற்கு முன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும், கடைசி எழுத்து வரை. ஒரே பெயர்கொண்ட இரண்டு பெண்களிடம் ரத்தம் எடுத்த குழாய்கள் ஒருமுறை மாறிப்போய், ஆரோக்கியமான ஒருத்தி மூன்று நாள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அரைகுறை வாசிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. தம்பி அவளுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட்.

உரிமையாளர் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல அவள் எழுதிய தாளை விரித்தாள். போன வாரம் தம்பி அதே முகவரிக்குச் சோதனையாகக் கொஞ்சம் அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவரும் சொல்லியிருந்தார். இன்று மீதி. முதலில் அவள் பங்கு.

"உன் போன்ல இருக்கிறத படி," என்றாள்.

அவன் படித்தான். முதல் நான்கும் சரி. ஐந்தாவதைச் சொன்னதும் அவள் விரல் நின்றது.

"திரும்பச் சொல்லு."

"டி."

"இங்க ஒன்பது இருக்கு."

மறுபடி படித்தான். ஆறாவதும் வேறு, ஏழாவதும் வேறு. கடைசி நான்கு மட்டும் அச்சாகப் பொருந்தின. அவன் எங்கிருந்து வாசிக்கிறான் என்று பார்த்தாள். பழைய பரிமாற்றப் பட்டியலில் ஒரு வரிசையை மட்டும் தனியாகத் திறந்து வைத்திருந்தான். போன வாரச் சோதனைக்கு அடுத்த நாள் தேதியிட்டு, ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சிறிய தொகை ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய பரிமாற்றத்தை எவனோ கவனித்து, தலையும் வாலும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு போலி முகவரியைத் தயார் செய்து, அங்கிருந்து துளி அனுப்பி வைத்திருக்கிறான். அவசரத்தில் யாராவது பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள் என்று.

"நல்லவேளை," என்று சொல்லி நிமிர்ந்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் காலையிலேயே அனுப்பிட்டேன்."

குழந்தைகளை இறக்கிவிட்டுவிட்டு, வேனில் உட்கார்ந்தபடி அனுப்பியிருக்கிறான். தன் பணத்துக்குக்கூட அக்காவின் விரல் வேண்டுமா என்று ரோஷம். மூன்று மணி நேரமாகியும் பணம் வரவில்லை என்று உரிமையாளர் சொல்லவே, கால் தன்னால் இங்கே வந்திருக்கிறது.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அடுத்த அறையில் ஊசிக்குக் காத்திருப்பவர்கள் பயந்துபோவார்கள். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு குரூப்ல கேட்டேன். ஒருத்தர் மீட்டுத் தரேன்னாரு. பன்னெண்டு வார்த்தையும் அனுப்பச் சொன்னாரு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அனுப்பினியா?"

"அஞ்சு வார்த்தை அடிச்சேன். அப்புறம் அழிச்சிட்டேன்." அவன் குரல் உடைந்தது. "வாலட்ல ஏதோ மிச்சம் இருக்கில்ல, நீ சொன்னது ஞாபகம் வந்ததாலதான் அது இருக்கு."

அந்தக் குரூப்பைவிட்டு அவனை வெளியேற வைத்தாள். புகார் எழுத வேண்டிய விவரங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். போனது திரும்பாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. தன் பங்கை மட்டும் கொடுத்தால் உரிமையாளர் பொறுப்பாரா, பொறுத்தாலும் மீதிக்கு இன்னும் எத்தனை வருடம் என்று மனம் ஓடியது. அதற்குள் வேறொன்று உறைத்தது.

"உன் பொண்டாட்டி எப்ப வேலைய விடுறேன்னு எழுதிக் குடுக்கப் போறா?"

"இன்னைக்கு. சாப்பாட்டு நேரத்துல. நான் சரின்னு சொன்னதும் குடுப்பா."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால். தொழிற்சாலையில் மணி அடித்திருக்கும். அவன் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும், பொறுமை இழந்து அவளே மேலாளர் அறைக்குப் போய்விடக்கூடும்.

மேசையில் கிடந்த அவன் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் மனைவியின் படம்.

"நான் பேசட்டுமா?" என்றாள் அக்கா.

அவன் இல்லையென்று தலையாட்டினான். ஆனால் எடுக்கவும் இல்லை. வழவழப்பான மேசையில் அதிர்ந்து அதிர்ந்து, போன் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. அதன் ஒரு மூலை வெளியே வந்து தொங்கியபோது, அவன் கை நீண்டது.