அவர்கள் வீட்டு நாளைக்கு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தவன், இன்று விடிகாலை கையுறையைக் கழற்றி மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். மனைவியிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "இன்னைக்கு லீவு, பீச்சுக்குப் போலாம் வா" என்றுதான் வாயில் வந்தது.

ராத்திரி மணி பத்து. அலை கணுக்காலைத் தொட்டதும் மனைவி ஒரு கூச்சல் போட்டாள். தையல் கடையில் பகலெல்லாம் குண்டூசியைக் கவ்விக்கொண்டு உட்காருகிறவளுக்கு இவ்வளவு பெரிய குரலா!

"வாங்களேன்! சோப்புத் தண்ணியில ஊறினவருக்கு உப்புத் தண்ணி ஆகாதா?"

"குளிருது."

"எங்கண்ணன் உங்களை ஆந்தைன்னு சொன்னது சரிதான். ஆந்தையும் தண்ணில இறங்காது."

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். அலை அவன் காலடி மணலை உருவிக்கொண்டு போனது. நிலா ஒன்றும் பிரமாதமில்லை. தூரத்தில் ஒரு கப்பலின் விளக்கு அசையாமல் கிடந்தது. இந்த நேரத்தில் எந்த இயந்திரமும் கத்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நன்றாகவே இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வேறு ஏதோ வந்தது.

"நாளைக்குக் காலைல உன்னைக் கடையில நானே கொண்டு விடுறேன்."

மனைவி நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டில் 'நாளைக்கு' என்றால் அவன் தூங்கி எழுந்த பிறகு வரும் சாயங்காலம். லீவு நாளிலும் அவன் தூங்குவது பகலில்தான். பழக்கம் கெட்டால் மறுபடி பிடிப்பது கஷ்டம். கல்யாணமான புதிதில் இந்த ஒரு சொல்லால் எத்தனையோ சண்டை.

"எந்த நாளைக்கு?"

"ஊர் நாளைக்குத்தான்."

"வேலைய விட்டுட்டீங்களா?"

"ம்."

"தூக்கிட்டாங்களா, நீங்களா விட்டீங்களா?"

"நானாத்தான். வேற வேலை இன்னும் பாக்கல."

"சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் வெடுக்கென்று.

ஐந்தாறு அலைகள் வந்து போயின. அவள் நனைந்த புடவை முனையைப் பிழிந்தாள்.

"ஏழரைக்கு எழுந்திருக்கணும். ராத்திரில தூங்க வருமா உங்களுக்கு?"

"தெரியல."

"அப்ப நடங்க. கால் வலிச்சாத் தூக்கம் வரும்."

கோபம் குரலில் அப்படியே இருந்தது. ஆனால் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆள் இல்லாத பக்கமாக, தண்ணீரை எற்றிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னால் போனான்.