வழக்கமான முட்டி வீக்கம்

சோபாவை நகர்த்த வேண்டும், எழுந்திரு என்று மகள் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. வலது காலை நீட்டி, துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சோபா ஓரத்தில் அப்படியே கிடந்தார். கூடத்தின் நடுவில் கட்டிலைப் போட்டால்தான் அவள் அப்பாவின் உடலை அறையிலிருந்து கொண்டுவந்து கிடத்த முடியும். வாசலில் அதற்குள் செருப்புகள் சேர ஆரம்பித்துவிட்டன.

அப்பா போனது காலை டீ நேரத்தில். எண்பத்து நான்கு வயது. அவர் தங்கை, மகளுக்கு அத்தை, போட்டுக் கொடுத்த டீயை ஒரு மடக்குக் குடித்தார். இதை வைத்து டைல்ஸ் ஒட்டலாம் என்றார். சொன்னதற்குத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தலை சாய்ந்துவிட்டது. அத்தை அழுதாள்தான். ஆனால் வந்தவர்களிடமெல்லாம் அந்த டீ விஷயத்தைச் சொல்லி, "எங்கண்ணன் கடைசியா ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போச்சா பாரு" என்று மூக்கைச் சிந்தினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணச் சாவு என்றால் இதுதான், வேறென்ன?

அப்பாவும் சித்தப்பாவும் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்து முகம் சுளிப்பதால் அப்பாவுக்கு ரசமட்டம் என்று பெயர். அவரைக் கூப்பிட்டால் தம்பியும் கூடவே வந்துவிடுவார் என்பதால் சித்தப்பாவுக்குக் கொசுறு. அப்பாவால் குனிய முடியாமல் போன பிறகும் ஜோடி பிரியவில்லை. சித்தப்பா ஒட்டுவார், அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லுவார். சம்பளம் இல்லாத மேஸ்திரி என்று சித்தப்பா பல்லைக் கடிப்பார், ஆனால் அவர் இல்லாமல் ஒரு கல்லைக்கூட வைக்கமாட்டார்.

காலமெல்லாம் முட்டி போட்டே சம்பாதித்த குடும்பம். அந்த வீட்டில் முட்டி வீங்குவது மற்ற வீட்டில் சளி பிடிப்பது மாதிரி. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைப்பார்கள், நாலு கிண்டல் செய்வார்கள், வீக்கம் வற்றிவிடும். முந்தாநாள் சித்தப்பாவுக்கு வலது முட்டி வீங்கியபோதும் அதே வைத்தியம்தான். தம்பி வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று அப்பா சொன்னார். மகள்தான் ஐஸ் கட்டிவிட்டாள்.

இப்போது அவர் துண்டுக்குள் உடம்பு குலுங்கக் கிடந்தார். அண்ணன் மேல் உயிர், எப்படி அழுகிறார் பார் என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அத்தை முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதைப் பார்த்த மகள், போகட்டும், சோபா அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மா வந்து அறைக்குள் போய் அப்பாவைப் பார்த்தார். சான்றிதழுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தார். திரும்பிப் போகிறவர் கூடத்தில் நின்றார்.

"இவர் எவ்வளவு நேரமா இப்படி அழறார்?"

"காலையிலேர்ந்து" என்றாள் அத்தை.

டாக்டரம்மா குனிந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ச்சல் நடுக்கத்தில் பல் கடகடவென்று அடித்தது. நெற்றியில் கை வைத்தவர் சட்டென்று துண்டை விலக்கி, பேன்ட்டை மேலே சுருட்டச் சொன்னார். புறங்கையை இடது முட்டியில் வைத்தார், பிறகு வலதில் வைத்தார். மகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று சாதாரணக் கால், இன்னொன்று அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம். மகள் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளாகத் துணிக்கு மேலேயே ஐஸ் கட்டியவள் அவள்.

வழக்கமான முட்டி வீக்கம்தான், தொழில் அப்படி என்று சித்தப்பா முனகினார்.

"இல்லைங்கய்யா. முட்டி போடறவங்களுக்கு முட்டிச் சில்லுக்கு மேல, தோலுக்கு அடியில வீங்கும். வலிச்சாலும் மடக்கலாம், நடக்கலாம். உங்களால மடக்க முடியுதா?"

முடியவில்லை. டாக்டரம்மா பாதத்தைப் பிடித்து இம்மி அசைத்ததற்கே அவர் சோபாவின் கையைப் பிய்த்துவிடுகிற மாதிரி பிடித்தார். கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வெளியே வந்தது. போன வாரம் உடைந்த டைல்ஸ் துண்டு முட்டிக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறது, துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். சர்க்கரை வேறு. மூட்டுக்கு உள்ளேயே சீழ் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது, ஊசி வைத்து நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும், ஆனால் இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. விட்டுவைத்தால் மூட்டை அரித்துவிடும். ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

"அண்ணனை அடக்கம் பண்ணிட்டு வரேன். அப்புறம் காலை வெட்டினாலும் கேக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா.

மகளுக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. காலையில் ஒருவரைக் கொடுத்தாயிற்று. இன்னொருவரையும் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? ஆனாலும் கத்தாமல்தான் கேட்டாள்.

"நீ வராம அப்பா என்னிக்காவது ஒரு வேலைய ஆரம்பிச்சிருக்காரா?"

சித்தப்பா அறைக் கதவைப் பார்த்தார்.

"இன்னிக்கும் ஆரம்பிக்க மாட்டார். நீ வர வரைக்கும் வெச்சிருக்கேன்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எடுக்கிற நேரத்தைத் தள்ளிப்போடுவதா, வெளியூர்க்காரர்கள் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்களே என்று யாரோ இழுத்தார்கள். அத்தை முந்தானையை உதறி எழுந்தாள். "எங்கண்ணனுக்கு இனிமே என்ன அவசரம்? பஸ்ஸா பிடிக்கணும்? டேய், கிளம்புடா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

மகள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வாசலில் வேன் நின்றது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டு, மடங்காத கால். நாலு பேர் தூக்கி, சீட்டுகளுக்கு நடுவில் இருந்த வழியில் நீளவாக்கில் போட்டார்கள். குழந்தைகள் ஒட்டிய மிட்டாய்க் காகிதம் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்த வலியிலும், "ஸ்டெப்னி டயர் மாதிரி போட்டுட்டீங்களேடா" என்று சித்தப்பா சொன்னார். பின்னாலேயே ஆம்புலன்சில் அப்பா வந்தார். அதே ஆஸ்பத்திரியில் குளிர் அறை இருந்தது.

எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். முட்டியைச் சுத்தம் செய்து மரத்துப்போக மருந்து போட்டு, பக்கவாட்டில் ஊசியை இறக்கி இழுத்தார். தெளிவாக, எண்ணெய் மாதிரி வர வேண்டிய நீர் மஞ்சளாகக் கலங்கி வந்தது. சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். டைல்ஸ் இடுக்கில் பூசுகிற கலவை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் ஜாஸ்தி என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்து கை ஒரு நொடி நின்றது.

எந்தக் கிருமி என்று பார்க்க அந்த நீரும் ரத்தமும் லேபுக்குப் போயின. அதற்குப் பிறகுதான் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலமே ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய், இரண்டு சின்னத் துளை போட்டு, லிட்டர் லிட்டராக உப்புத் தண்ணீர் விட்டு மூட்டை அலசினார்கள். வெளியே வந்த டாக்டர், நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள், மூட்டு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, மருந்து மட்டும் பல வாரம் போக வேண்டும் என்றார். மகளும் அத்தையும் காரிடாரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், திரும்பச் சிரித்தார்கள். அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் என்ன குழந்தை என்று கேட்டாள். எழுபத்தோரு வயசு ஆண் குழந்தை என்றாள் அத்தை.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. கிருமிக்குச் சரியான மருந்து எது என்று லேபும் சொல்லிவிட்டது. அண்ணன் எங்கே என்று சித்தப்பா கேட்டார். கீழ்த்தளத்தில் என்றாள் மகள். எப்போதுமே கீழ்த்தளத்தை அவர் எடுத்துக்கொண்டு மாடியை என் தலையில் கட்டிவிடுவார் என்று சித்தப்பா சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் வெளியே விடுகிறேன் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் அடக்க வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு ஒடுங்கிய பெஞ்சு. காலை நீட்டி உட்கார்ந்தால் பெட்டி உள்ளே போகாது. முன்சீட்டில் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு உட்காரலாமே என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. எப்படியும் மூட்டு இறுகாமல் இருக்க மடக்கி நீட்டத்தான் வேண்டும் என்று பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். முதல் நாள் அவளை அவர் திட்டாத திட்டில்லை. இரண்டாம் நாள், ஒருநாளைக்கு எத்தனை முறை செய்யலாம் என்று அவரே கேட்டார்.

அடக்கத்தன்று அவரைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கையில் மருந்து ஏற்றுகிற ஊசி பிளாஸ்திரியோடு இருந்தது. வலது கால் நீண்டு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. வெளியே பெட்டியைச் சுமந்துகொண்டு ஆறு பேர் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மகள் உதவிக்குக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உள்ளே இழுத்தார். உதட்டைக் கடித்தார். கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்தார். முழுசாக இல்லை, பெட்டி போகிற அளவுக்கு மடங்கியது.

பெட்டி உள்ளே வந்தது. மரத்தின் ஓரத்தில் அவர் முட்டி தொட்டுக்கொண்டு நின்றது. அவர் அதை நகர்த்தவில்லை. மகள் கதவைச் சாத்தினாள்.