பின்சந்துக்குத் திரும்பிய வீடு

மருந்தாளுநருடைய வலைப்பூவின் சொந்த இணைய முகவரி காலாவதியான செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அவருடைய வீடு இருந்த இடத்திலேயே அரைவட்டம் திரும்பி, பெரிய சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்சந்தைப் பார்த்து நின்றது. அடுப்பிலிருந்த பால் பொங்கவில்லை, சுவரில் ஒரு கீறல் விழவில்லை. அன்று விடுப்பிலிருந்த அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருபவர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தாளின்மேல் விழுந்த வெயில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறியதும் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். வாசல் கதவைத் திறந்த மருந்தாளுநர், எதிரே ஸ்கூட்டர் மெக்கானிக் கடையையும் குப்பை வண்டியையும் கண்டு, மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்றாம் நாள் நகராட்சிப் பொறியாளர் டேப்போடு வந்து நாலு மூலையும் அளந்தார். வீட்டை இடிப்பதற்கும் மாடி எடுப்பதற்கும் விதி இருக்கிறது, திரும்புவதற்கு இல்லை என்று சொல்லி, கோப்பில் ‘மாற்றம் எதுவுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருஷமாக மருந்தாளுநர் மருந்துச் சீட்டுகளைப் பற்றி எழுதிவந்தார். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, புட்டியில் பொடி எழுத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று விலாவாரியாக நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒரு வலைப்பூ நிறுவனம் இலவசமாகக் கொடுத்த, ரயில் போல நீண்ட முகவரியில்தான் ஆரம்பித்தார். அவர் ஓய்வு பெற்றபோது மைத்துனன் பரிசாக ஒரு குட்டி முகவரியைப் பதிந்து கொடுத்திருந்தான். எழுதுவதை நிறுத்தி இரண்டு வருஷமானபின், பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லி முகவரி நிறுவனத்திடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் கடிதம் மரியாதையாக நினைவூட்டியது, இரண்டாவது கவலைப்பட்டது, மூன்றாவது ஒப்பாரியே வைத்தது. மருந்தாளுநருக்கு வீம்பு பிடித்துவிட்டது. எழுதினது இருந்தால் போதும், முகவரி எதற்கு என்றார். எழுதினதும் சேர்ந்து போய்விட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்டதால் மைத்துனனை வரவழைத்தார்கள்.

“அத்தான், டொமைன்ங்கற இந்த முகவரி வாசல்ல மாட்டின போர்டு மட்டும்தான். சரக்கெல்லாம் உள்ளதான் இருக்கு” என்றான் அவன். “ஆனா போர்டு தானா விழட்டும்னு விட்டுடாதீங்க. முதல்ல எல்லாத்தையும் ஒரு பிரதி எடுத்துக்கோங்க. அப்புறம் கெடு முடியறதுக்கு முன்னாடி நீங்களே கழட்டிடுங்க. பழைய நீள முகவரி தானா முழிச்சுக்கும்.”

மருந்தாளுநர் இதை வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுவதுபோல வரிசை தப்பாமல் செய்தார். பிரதியைப் பென்டிரைவில் ஏற்றி, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று சீட்டு ஒட்டி, துணி பீரோவில் வைத்தார். வீடு பின்சந்தைப் பார்க்கத் திரும்பிய அன்றும் கணினியைத் திறந்து எண்ணிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டும் எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தன. ஆனால் இத்தனை காலமும் ஜனங்கள் போர்டை நம்பித்தான் வந்தார்கள் என்பதை மைத்துனன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாதோ என்னவோ.

நாற்பது நாள் பெரிய சாலையில் வெறும் சுவர்தான் இருந்தது. குட்டி முகவரியைத் தேடி வருகிறவர்கள் சுவருக்கு முன் சற்று நின்றுவிட்டு, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். மருந்தாளுநர் சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. அவரும் போனார், மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. அவர் கண்ணால்கூடப் பார்த்திராத நூல்களையெல்லாம் அவர் கரைத்துக் குடித்தவர் என்று பேசினார்கள். நடுவில் எழுந்து மறுப்பது மரியாதையாக இருக்காது என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் தலைவர் அவர் கையைப் பிடித்து, நீங்களாவது வந்தீர்களே என்று நெகிழ்ந்தார். வீட்டுக்கு வந்தவர் வெகுநேரம் சட்டையைக் கழற்றவில்லை. “ஒருத்தர்கூட நான் எழுதினதுல ஒரு வரியைச் சொல்லலை” என்றார் மனைவியிடம். மனைவி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நாற்பத்தோராம் நாள் சுவரில் ஒரு பச்சைக் கதவு முளைத்தது. கைவிட்ட முகவரியை முடி வளர்க்கும் எண்ணெய் விற்பவர் ஒருவர் வாங்கியிருந்தார். கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரைவரை புட்டிகள் அடுக்கிய நீளமான அறை. வீட்டுக்குள்ளிருந்து அளந்தால் அப்படி ஓர் அறைக்கு இடமே கிடையாது. அந்த இடத்தில் பீரோவின் முதுகுப் பலகையும் அதையொட்டிச் சுவரும்தான் இருந்தன. ஆனால் பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் எண்ணெய் வாடை, வியாபாரப் பேச்சும் தெளிவாகக் கேட்டது. மருந்தாளுநர் இருந்த முகவரியாயிற்றே என்ற நம்பிக்கையில் வியாபாரம் அமோகமாக நடந்தது. அவர் முகவரி நிறுவனத்துக்குப் புகார் எழுதினார். அதே போன்ற ஒலியுள்ள வேறு முகவரிகள் கைவசம் இருப்பதாக, மிகுந்த பாசத்தோடு பதில் வந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் துண்டு எடுக்க பீரோவைத் திறந்தபோது ஒரு பெண்ணின் குரல் கேட்டது. துணி தைக்கிறவளாம். ஒன்பது கிலோ எடையுள்ள குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், மருந்து அளவைப் பற்றி இங்கே முன்பு படித்த ஞாபகம், அந்தப் பதிவு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. உச்சந்தலையில் எண்ணெயைத் தேய்த்து, நாக்கில் மூன்று சொட்டும் விடச் சொன்னார்.

மருந்தாளுநர் துணிகளை விலக்கிவிட்டு பீரோவுக்குள் தலையை நுழைத்தார். “அம்மா, அந்தப் புட்டியைக் கீழ வைங்க. டாக்டர் என்ன எழுதினாரு, சிரப்பா, சொட்டு மருந்தா?”

அந்தப் பக்கம் புட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “சிரப்தான் எழுதினாரு. கடையில இல்லைன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான்.”

“பேரு ஒண்ணுதான், வீரியம் வேற. சிரப் அளவுக்கு இதை ஊத்தினா குழந்தை தாங்காது. ஊத்திட்டீங்களா?”

“இன்னும் இல்லைங்க” என்றாள். பிறகு குரல் தணிந்து, “நீங்க செத்துட்டதா சொன்னாங்களே” என்றாள்.

“அதை அப்புறம் பேசிக்கலாம். பின்சந்துல மெக்கானிக் கடைக்கு எதிர் வாசல். மருந்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கிட்டு சுத்தி வாங்க.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினோரு நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மருந்தாளுநர் இருநூற்று ஏழாவது பதிவைத் திறந்து அவளிடம் காட்டினார். சீட்டிலிருந்த எண்ணுக்கு டாக்டரைக் கூப்பிட்டு, சொட்டு மருந்தில் எவ்வளவு என்று கேட்டு, புட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் விட்டது. தையல்காரப் பெண் நன்றிக்கு, பழைய நீள முகவரியை ஓர் எழுத்துகூட விடாமல் துணியில் தைத்துக் கொண்டுவந்தாள். சந்தில் கட்டியபோது அது மெக்கானிக் கடையில் தொடங்கி, சந்து முனை தாண்டி அரை முழம் தொங்கியது.

எண்ணெய்க்காரருக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ‘மருந்தாளுநர் சுவருக்குப் பின்னால் நேரடியாக’ என்று தன் போர்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். விற்பனை இன்னும் கூடியது. மருந்தாளுநர் அந்த வாரமே, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நானூற்றுப் பதின்மூன்றாவது பதிவை எழுதினார். பேர் ஒன்றாக இருந்தாலும் புட்டியைத் திருப்பிப் பார்த்துப் படியுங்கள் என்பதுதான் விஷயம். கடைசியில், தான் உயிரோடிருப்பதாகவும் சந்து வழியாக வரலாம் என்றும் ஒரு குறிப்பு போட்டார்.

அதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் சந்து வழியாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஏழாவது ஆளான பஸ் நடத்துநர், தலையில் எண்ணெய் வழிய, மருந்துச் சீட்டை உயர்த்திப் பிடித்தபடி, தொங்கும் துணிகளை விலக்கிக்கொண்டு பீரோவுக்குள்ளிருந்து இறங்கினார். மனைவி துணிகளில் கறை படிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவருக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.