நல்லரத்தினத்தை ஒட்டிய பசை

உலக யுத்தத்தின் நாலாம் வருஷம், ஆரையம்பதி நல்லரத்தினத்தின் உடம்பு தோளிலிருந்து கீழாகப் பலகையாக மாறத் தொடங்கியது. அந்த வருஷம் அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. மீன் மட்டும் மலிவு. வாவிக்கரையில் முதலாளி வினாயகமூர்த்தி நடத்திய பட்டறையில் அவனுக்கு வேலை. மரத்தைத் தாள்போலச் சீவி, தாளுக்கு மேல் தாள் ஒட்டி, பட்டாளத்தாரின் கொட்டில்களுக்குப் பலகை செய்வார்கள். பசை கப்பலில் பீப்பாயாக வரும். மூடியைத் திறந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும். அந்தக் காற்றைக் குடித்தவர்கள் இருமினார்கள், சிலர் செத்தார்கள். நல்லரத்தினம் ஒருவன்தான் பலகையானான். நெஞ்சில் தட்டினால் கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. “கறையான் வராமப் பாத்துக்கொள் புள்ள,” என்று மனைவி இராசாத்தியிடம் சொல்லிச் சிரித்தான்.

கார்த்திகை மழையில் ஈரம் ஏறியதும் உள்ளே இருந்த பசை விட்டு, விலாவில் அவன் தாள் தாளாகப் பிரிந்தான். இராசாத்தி வலைக்காரர் வீட்டுப் பெண். வலைக்கும் தோணிக்கும் பூசுகிற பனிச்சங்காயை இடித்து, புளியங்கொட்டை மாவோடு காய்ச்சி, பிரிந்த இடமெல்லாம் தடவி, கயிற்றால் இறுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். பசை காய்ந்ததும் அவன் எழும்பிக் கஞ்சி குடித்தான். அந்த மாரி முழுக்க அவன் பிரியவில்லை.

மிச்சப் பசையை அவள் பட்டறைக்குக் கொண்டுபோனாள். “இதுல எரிவு இல்ல முதலாளி. மத்தவங்களாவது தப்பட்டும்.”

வினாயகமூர்த்தி முகர்ந்து பார்த்தார். “நல்ல பசைதான் புள்ள. ஆனா காய ஒரு பகல் வேணும். பீப்பாய்ப் பசை நான் சுருட்டுப் பத்தி முடியக்குள்ள காஞ்சிரும். பட்டாளத்துக்காரன் எனக்காகக் காத்து நிப்பானா?”

பட்டறையில் பீப்பாய்ப் பசையே ஓடியது. தன் பேரப்பிள்ளைகள் படுக்கும் அறைகளுக்கு மட்டும் பனிச்சம் பசையில் ஒட்டிய பலகை வேண்டுமென்று காய் பறிக்க வண்டிகளை அனுப்பினார். செட்டிபாளையம் வரைக்கும் ஒரு காய் மிஞ்சவில்லை. பட்டையிலும் பசை இருக்கும் என்று யாரோ சொல்ல, மரங்களையும் தறித்துவிட்டார்கள்.

அடுத்த மாரியில் அவன் மறுபடியும் பிரிந்தான். இராசாத்தி மழைக்குள் முதலாளி வீட்டுக்குப் போய் ஒரு சிரட்டை பசை கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. “கடைசிச் சுவருக்குத்தான் அளவா இருக்கு. மறுகா வா,” என்றார். இரண்டு நாள் கழித்து மறுகா போனாள், சுவர் முடிந்திருந்தது, சட்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அழாத. நடுத்தாள் இன்னும் விடல்ல,” என்றான் நல்லரத்தினம். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

தை பிறக்குமுன் அவன் முழுக்கப் பிரிந்துபோனான். தாள்கள் குளிர்ந்து கிடந்தன; நடுத்தாள் மட்டும் உடம்புச் சூட்டோடு இருந்தது. மற்றவற்றைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். நடுத்தாளை அவள் கொடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. மாரி கழிந்ததும் முற்றத்தில் பாய் விரித்து அதை வெளியே போட்டாள். சூடு ஆறவே இல்லை. பங்குனியில் அயல்பெண்கள், “கொஞ்சம் இடம் தாங்க அக்கா,” என்று தங்கள் செத்தல் மிளகாயை அதன்மேல் பரப்பிவிட்டுப் போனார்கள். மேகம் மூடிய நாளிலும் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும்.