வராத கோடு

பேராசிரியர் சண்முகநாதனின் கார் இந்நேரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியிருக்கும். இரவு விமானம். நாளை மறுநாள் வெளிநாட்டுக் கருத்தரங்கில் அவர் தன் மாணவி றம்ஸியாவின் கண்டுபிடிப்பை அறிவிக்கப்போகிறார்.

விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு குளிர்ந்த மேகம். அதிலிருந்து வந்த ரேடியோ அலைகளில், உயிருக்கு மூலப்பொருளாகக்கூடிய பெரிய மூலக்கூறு ஒன்றின் கோடுகளை அவள் கண்டிருந்தாள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகைபோல் தனக்கென்று கோடுகள் உண்டு. ஏழு கோடுகள் இம்மி பிசகாமல் பொருந்தின. அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு முழுவதும் அந்த ஏழின்மேல்தான் நின்றது.

ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசை ஜெயராஜ் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"வந்தவங்கள எல்லாம் எண்ணிட்டீங்க. மாப்பிள்ள வந்தாரா?"

"என்ன மாப்பிள்ள?"

"இருக்கிறதுலயே பெரிய கோடுங்க. அது இல்லாம கல்யாணமா?"

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. மேகத்தின் வெப்பநிலையைக் கொடுத்துக் கணித்தாள். அந்த மூலக்கூறு உண்மையில் அங்கே இருந்தால், ஏழு கோடுகளையும் விட உயரமான இன்னொரு கோடு இருந்தே ஆக வேண்டும். அது விழும் பகுதியின் தரவை அவள் திறந்ததே இல்லை. தேடிய இடத்திலெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தபோது அங்கே போகத் தோன்றவில்லை.

திறந்தாள். கோடு இல்லை, வெறும் இரைச்சல்.

வெப்பநிலையைக் கூட்டினாள், குறைத்தாள். வேறு எதுவும் அதை மறைக்கிறதா என்று தேடினாள். மறைக்கவில்லை. அப்படியானால் அந்த ஏழும் வேறு ஏதேதோ மூலக்கூறுகளின் கோடுகள். தற்செயலாய் அங்கே விழுந்தவை.

சொல்லாமல் விட்டால்? இன்னொருவர் அந்தப் பகுதியைத் திறந்து பார்க்க ஒரு வருடமாவது ஆகும். அதற்குள் பட்டம் கைக்கு வந்துவிடும்.

"ஜெயராஜ், யாருக்கும் செல்ல வாணாம்."

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பேராசிரியரை அழைத்தாள்.

"ஓம் றம்ஸியா, கலகெதர தாண்டிட்டம். சொல்லும்."

"சேர், பெரிய கோடு ஒண்டு ஈக்கணும். இல்ல."

"வேற ஏதும் மறைக்குதோ?"

"மறைக்க ஒண்டுமே இல்ல சேர். நல்லாப் பாத்திட்டேன்."



"அப்ப அங்க போய் நான் என்னத்தச் சொல்லுறது?"

"இல்லெண்டு செல்லுங்க. பிழையாக் கண்டது நான்தான் எண்டு, என்ட பேரப் போட்டே செல்லுங்க."

மலை வளைவில் இணைப்பு அறுந்திருந்தது. எதுவரை அவர் காதில் விழுந்ததோ. இனி அழைக்காமலும் இருந்துவிடலாம்.

மீண்டும் அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.