சாம்பலில் எழுந்த உள்ளான்

விடியலில் இறால் வலை பார்க்கப் போன சவரிநாதன், ரோசி சோறாக்கி முடித்த பிறகும் கத்திவாக்கம் திரும்பவில்லை. அவள் புருஷனின் தோஸ்து கமாலுதீனை இழுத்துக்கொண்டு கழிவெளிக்குத் தேடிக் கிளம்பினாள். மார்கழிப் பனியோடு அனல்மின் நிலையப் புகையும் சேர்ந்து கண்ணை மறைத்தது.

சாம்பல் படிந்த அந்தச் சதுப்பில் கெட்டித்தரை எது, புதைசேறு எது என்று எந்தக் கொம்பனாலும் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளான் குருவிகள்தான் சொல்லும். இரண்டு வகை, உருவத்தில் ஒரே அச்சு. விசிறிவால் உள்ளான் ஈரச்சேற்றை விடாது. விரட்டினால் கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறக்கும், இறக்கையின் பின்னோரம் பளிச்சென்று வெள்ளை தெரியும். ஊசிவால் உள்ளான் காய்ந்த ஓரத்தில் மேயும் சோம்பேறி. நேராக எழுந்து பக்கத்திலேயே இறங்கும், வெள்ளை கிடையாது. ஊசிவால் எழுந்த இடத்தில் துணிந்து கால் வைக்கலாம். சவரிநாதனும் அப்படித்தான் நடப்பான்.

“யோவ்! எங்கய்யா கீற?” ரோசி தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை. ஆனால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்பது போலிருந்தது.

சவரிநாதனின் காலடித் தடம் நேராகப் போயிற்று. அதன் மேலேயே ஓர் உள்ளான் எழுந்தது. கனமாக, நேராகப் பறந்து முன்னால் இறங்கியது. வெள்ளை தெரியவில்லை.

“ஊசிதான் அண்ணி, போலாம்,” என்றான் பின்னால் வந்த கமாலுதீன்.

அவள் நெருங்க, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. அப்புறம் எழவே இல்லை. குனிந்து எடுத்தாள். உடம்பெல்லாம் சாம்பல் பசை. கட்டைவிரலால் இறக்கையைத் துடைத்தாள். பின்னோரத்தில் வெள்ளை வந்தது. வளைந்து பறக்கத் தெம்பில்லாத விசிறிவால். அவள் காலடியில் தரை மெல்ல அசைந்தது. தடமும் அங்கேயே முடிந்திருந்தது.

“கமாலு, அங்கியே நில்லு! இது விசிறி!”

பனி கொஞ்சம் விலகியது. எதிரே மரக்கட்டை என்று அவள் நினைத்திருந்த ஒன்று கண்ணைத் திறந்தது. மார்பு வரை புதைந்து, சாம்பலோடு சாம்பலாக, சவரிநாதன்.

“எம்மாம் நேரமா கூவிகினு கீறேன், வாயில இன்னாய்யா வெச்சிருந்த?” ஆத்திரமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாகவே வந்தன.

“கொரல் குட்த்தா நீ ஓடியாந்துடுவ,” என்றான் சவரிநாதன். “திரும்பிப் பாக்காம பூடு ரோசி.”

பாரம் ஓரிடத்தில் அழுந்தாதபடி ரோசி அப்படியே சேற்றின் மேல் குப்புறப் படுத்தாள்.

“கமாலு, ஓடிப்போய்ப் பலகையும் கவுறும் எட்த்தா,” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “அவன் வர்ற வரிக்கும் நீ பேசிகினே இருக்கணும். எதுனா பேசுய்யா.”